பிறர் பிள்ளையின் முகம்

(கல்லூரி மண்டபத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்த அறக்கட்டளையை நிறுவிய பெரியவர் தம் சாசனத்தில் ஒரு நிபந்தனை எழுதிவைத்திருக்கிறார். ஆண்டுதோறும் இங்கே நிகழும் சொற்பொழிவு, வித்துவான்கள் மட்டுமே வாதிக்கத்தக்க நுட்பமான சாஸ்திர விஷயமாக இராமல், ஜனங்கள் நாள்தோறும் யோசியாமற் செய்துவரும் ஏதேனும் ஒரு காரியத்தை எடுத்துக்கொண்டு அதன் தர்மாதர்மங்களை விசாரிப்பதாக இருக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அதற்கு இணங்க நான் இன்று பேச எடுத்துக்கொண்டது, தெருவிலும் கடற்கரையிலும் தேர்த் திருவிழாவிலும் நாம் காணும் பிறர் வீட்டுக் குழந்தைகளை, அவர்கள் யார் பெற்ற பிள்ளைகள், எந்த ஊரார் என்று அறியாமலேயே நாம் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் வழக்கம். சட்டைப் பையில் காமிரா இல்லாத மனிதரைக் காண்பதே அரிதாகிவிட்ட இந்தக் காலத்தில், இந்த மண்டபத்தில் அமர்ந்திருக்கும் ஒவ்வொருவரும் இக்கேள்விக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று நினைக்கிறேன்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு குழந்தையின் உருவத்திற்கு உரியவர், அந்தக் குழந்தை வளர்ந்து ஆகப்போகிற மனிதர். அவர் இன்னும் வரவில்லை. அவர் வந்து தம் விருப்பத்தைச் சொல்லப் பத்தாண்டோ பதினைந்தாண்டோ ஆகும். அதுவரையில் அவருடைய முகத்தைப் படமாக்கி வைத்திருப்பவர் எவராயினும் அதை அடைக்கலப் பொருளாகவே வைத்திருக்கிறார். அடைக்கலம் காப்பதன் பெருமையைத் தமிழர்க்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. கவுந்தியடிகள் தன்னிடம் ஒப்புவித்த கண்ணகியைக் காக்க இயலாமற் போயிற்றே என்று மாதரி தீயில் புகுந்ததைச் சிலப்பதிகாரம் நமக்குச் சொல்லுகிறது. அந்த ஆயர் முதுமகள் செய்த பிழை ஒன்றுமில்லை என்பது நமக்குத் தெரிந்தும், தன்னை நம்பி விடப்பட்டவளுக்குத் தானே பொறுப்பு என்று அவள் கொண்ட எண்ணம் நம் நெஞ்சை விட்டு அகலுவதில்லை. பெற்ற தாய் தந்தையரும்கூடப் பிள்ளையின் முகத்தைப் பொறுத்தவரையில் அடைக்கலம் காப்பவர்களே என்பது என் கட்சி. ஆகையினால் பெற்றோரிடம் அனுமதி கேட்டுவிட்டேன் என்று சொல்லுகிறவர், செய்ய வேண்டியவற்றில் முதற்படியைச் செய்திருக்கிறாரே அன்றி, கடமை முழுவதையும் கழித்துவிடவில்லை.

நம் முன்னோர்களை இந்தக் கேள்வி வருத்தவில்லை. வருத்தக் காரணமும் இல்லை. 1839ஆம் ஆண்டில் டாகேர் என்பவர் கண்டறிந்த புகைப்பட முறை பாரிஸ் நகரில் உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது, ஓர் உருவம் தகட்டில் பதிவதற்கு நிமிஷக் கணக்கில் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. நேரம் சிறிது சிறிதாகக் குறைந்துவந்த பிற்பகுதியிலும் குழந்தைகளை அசையாமல் இருத்துவது எளிதாயில்லை. விக்டோரியா மகாராணி காலத்துப் படங்கள் சிலவற்றை உற்றுப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். பூவேலை செய்த துணி போர்த்திய உயரமான நாற்காலி போன்ற ஒன்றின்மேல் குழந்தை அமர்ந்திருக்கும்; கண்ணை அருகிற் கொண்டுபோய்ப் பார்த்தால் அந்தத் துணிக்கு இரண்டு தோள்களும் ஒரு தலையும் இருப்பது புலப்படும்; துணியின் ஓரத்தில் குழந்தையின் இடுப்பைப் பற்றிய விரல்கள் வெளியே தெரியும். பிள்ளை அசையாமல் இருப்பதற்காகத் தாயே துணியைப் போர்த்திக்கொண்டு நாற்காலியாக அமர்ந்திருக்கிறாள்! தாயின் கை இல்லாமல் குழந்தையின் படம் இல்லை என்றிருந்த காலம் அது. 1888இல் ஈஸ்ட்மனின் கோடக் காமிரா வந்தது. 1900ஆம் ஆண்டில் ஒரு டாலர் விலைக்குப் பிரவுனி காமிரா வந்தது. இமைக்கும் நேரத்தில் படம் பதிந்தது. ஒருவரைக் கேட்பதற்கு ஆகும் நேரத்தைவிட அவரைப் படம் எடுப்பதற்கு ஆகும் நேரம் குறைந்துபோன அன்றுதான் கேளாமல் எடுப்பது என்ற செயலே உலகில் சாத்தியமாயிற்று.

சட்ட வல்லுநர்கள் இதை உடனே உணர்ந்தார்கள். 1890இல் ஹார்வர்டு சட்டப் பத்திரிகையில் வாரன், பிராண்டைஸ் என்னும் இரு வக்கீல்கள் அந்தரங்க உரிமையைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரைக்குத் தூண்டுகோலாக இருந்தவற்றுள் நொடிப்பொழுதில் எடுக்கும் புகைப்படமும் ஒன்று. சில ஆண்டுகளுக்குப் பின், வயது நிரம்பாத ஒரு பெண்ணின் படத்தை அவளைக் கேளாமல் ஒரு மாவு வியாபாரத்துக்கு விளம்பரமாக 25,000 பிரதிகள் அச்சிட்டுக் கடைகளிலும் பொது இடங்களிலும் ஒட்டினார்கள். அவள் தொடுத்த வழக்கு 1902இல் நியூயார்க் மாகாணத்தின் உச்ச நியாயஸ்தலத்துக்கு வந்தபோது, நீதிபதிகளுள் நால்வர் எதிர்த்தும் மூவர் ஆதரித்தும் தீர்ப்பளித்தமையால் அவள் தோற்றாள். ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள், மறு வருஷமே சட்டசபை புதுச் சட்டம் இயற்றிற்று. ஆனால் அச்சட்டம் வியாபாரத்துக்கும் விளம்பரத்துக்கும் பிறர் உருவத்தைப் பயன்படுத்துவதை மட்டுமே தடுத்தது. தெருவில் நின்று படம் எடுப்பவர் தடையின்றியே நின்றார்.

அவர் அவ்வாறு நின்றது எவ்வளவு பெரிய நன்மையாய் முடியக்கூடும் என்பதற்கு லூயிஸ் ஹைன் என்பவரின் வாழ்க்கையை எடுத்துக்காட்ட விரும்புகிறேன். அவரைப் பற்றிச் சற்று விரிவாகவே பேசுவதைச் சபையோர் பொறுத்தருள வேண்டும். நியூயார்க்கில் பள்ளி ஆசிரியராக இருந்த அவரை 1908இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழு என்னும் சங்கம் வேலைக்கு அமர்த்திக்கொண்டது. கரோலினா மாகாணங்களின் நூற்பாலைகள், பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கங்கள், தென்கடற்கரையில் சிப்பி உரிக்கும் கொட்டகைகள், பின்னிரவிலும் தெருவில் நின்று பத்திரிகை விற்கும் சிறுவர் கூட்டங்கள் என்று பல ஆண்டுகள் அலைந்து, உழைக்கும் குழந்தைகளைப் படம் எடுத்தார். முதலாளிகள் வாயிலிலேயே மறிப்பார்கள் என்பதால், ஓரிடத்தில் பைபிள் விற்பவர் என்றும், மற்றோரிடத்தில் இயந்திரங்களைப் படம் பிடிக்க வந்தவர் என்றும் சொல்லிக்கொண்டு உள்ளே நுழைந்தார். குழந்தையின் உயரத்தை அளக்க அவர் அளவுகோல் எடுத்துச் செல்லவில்லை. தம் கோட்டின் ஒவ்வொரு பித்தானும் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதென்று முன்னமே தெரிந்துவைத்துக்கொண்டு, குழந்தை அருகில் வந்து நிற்கும்போது அதன் தலை எந்தப் பித்தானுக்கு நேராக வருகிறதென்று பார்த்து, பைக்குள் கையை விட்டபடியே, கண்ணாற் பாராமல், அங்கிருந்த காகிதத்தில் குறித்துக்கொள்வார். பெயர், வயது, எத்தனை ஆண்டுகளாக வேலை, இரவு வேலையா பகல் வேலையா என்பதெல்லாம் அந்தக் குறிப்பில் ஏறும். இந்தப் படங்களின் துணைகொண்டு எழுந்த கிளர்ச்சியால் 1916இல் குழந்தைத் தொழிலுக்கு எதிரான மத்தியச் சட்டம் ஒன்று பிறந்தது. 1918இல் சுப்ரீம் கோர்ட்டு அதைச் செல்லாதென்று தள்ளியது. நிலையான சட்டம் வருவதற்கு 1938 வரை காத்திருக்க நேர்ந்தது.

இப்படி நுழைந்த இடங்களில் ஹைன் யாருடைய அனுமதியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் யாரைக் கேட்டிருப்பார்? வயதைக் கூட்டிச் சொல்லிப் பிள்ளையை ஆலைக்கு அனுப்பிய தகப்பனையா, அந்தப் பொய்யைத் தெரிந்தே ஏற்றுக்கொண்ட முதலாளியையா? பெற்றோர் சம்மதம் என்ற ஒரே விதியைப் பிடித்துக்கொண்டிருந்தால் அந்தக் குழந்தைகளின் துயரத்தை உலகம் கண்டிராது. ஆயினும் ஹைன் செய்தது திருட்டு என்று என் மனம் ஒப்பவில்லை. அந்தக் குழந்தை வளர்ந்து பெரியவனாகி அவர் முன்னே வந்து, "என் முகத்தை எதற்காக எடுத்தீர்?" என்று கேட்டிருந்தால், அவனுடைய பெயரையும் உயரத்தையும் வேலை நேரத்தையும் குறித்த அந்தச் சீட்டை எடுத்து அவன் கையிற் கொடுத்து, "உனக்காக எடுத்தேன்" என்று சொல்ல அவரால் முடிந்திருக்கும். அப்படி விடை சொல்ல ஆயத்தமாக இருப்பவரையே நான் அடைக்கலம் காப்பவர் என்கிறேன். பிற்காலத்தில் ஓர் ஆராய்ச்சியாளர் அக்குறிப்புகளைக் கொண்டு அந்தக் குழந்தைகளுடைய மக்களையும் பேரன் பேத்திகளையும் தேடிக் கண்டுபிடித்தபோது, தம் முன்னோரின் அந்தப் படத்தை அவர்களுட் பலர் முதன்முறையாகப் பார்த்தார்கள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஊர் ஊராக ஜனங்கள் பார்த்த படம் உரியவர் வீட்டுக்கு மட்டும் போய்ச் சேரவில்லை.

டொரோத்தியா லாங் அம்மையாரின் படம் இதைவிடப் பெரிய புகழ் பெற்றது. 1936ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், கலிபோர்னியாவில் நிப்போமோ என்னுமிடத்தில், பட்டாணி பறிக்க வந்து பயிர் கெட்டதால் பட்டினி கிடந்த கூலிகளின் முகாமில், ஒரு தாயையும் அவள் மக்களையும் அவர் படமெடுத்தார், பெயரைக் கேட்கவில்லை. படம் பத்திரிகையில் வெளிவந்ததும் அரசாங்கம் அந்த முகாமுக்கு 20,000 பவுண்டு உணவுப் பொருள் அனுப்பிற்று. அதற்குள் அந்தக் குடும்பம் வேறிடம் பெயர்ந்துவிட்டது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 1978இல், அத்தாய் இன்னார் என்று தெரியவந்தபோது, அந்தப் படத்தை எடுத்திராவிட்டால் நலமாயிருந்திருக்கும் என்று அவர் மனம் நொந்து சொன்னார். அந்தப் படத்தை நினைத்துத் தாங்கள் வெட்கப்பட்டதாக மகளும் பிற்காலத்தில் சொன்னார்.

இந்தப் படத்தில் நான் உங்களுக்குக் காட்ட விரும்புவது வேறொன்று. தாயின் இரு தோள்களிலும் சாய்ந்து நிற்கும் பெரிய குழந்தைகள் இருவரும் முகத்தை அப்புறம் திருப்பிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களாகவே திருப்பினார்களோ, அம்மையார் திருப்பச் சொன்னாரோ, எப்படியாயினும் நமக்குத் தெரிவது அவர்களுடைய பிடரியும், கத்தரித்த தலைமயிரும், கசங்கிய உடையும் மட்டுமே. அவர்கள் முகம் காட்டாததால் அந்தப் படத்தின் உருக்கம் ஒரு குன்றிமணி அளவாவது குறைந்ததா? ஏழைக் குழந்தைகளைப் பற்றிய படங்களுள் உலகம் முழுவதும் அறிந்த ஒரு படத்தில், அந்த இரு பிள்ளைகளின் முகம் இல்லை என்பதை, "முகம் தெரியாவிட்டால் படம் செத்துப்போகும்" என்று சொல்லுகிற இளம் புகைப்படக்காரர்கள் ஆர அமர யோசித்துப் பார்க்க வேண்டும்.

முகமே முழுப்படமாகிய சந்தர்ப்பங்களும் உண்டு. 1984இல் பெஷாவரை அடுத்த நாசிர் பாக் அகதி முகாமின் பள்ளிக் கூடாரத்தில் ஸ்டீவ் மெக்கரி எடுத்த ஆப்கானியச் சிறுமியின் படம், 1985ஆம் ஆண்டு ஜூன் மாத நேஷனல் ஜியாக்ரபிக் பத்திரிகையின் அட்டையில் வந்து, அந்தப் பச்சைக் கண்களை உலகம் முழுவதும் கொண்டுசென்றது. 2002இல் அவளைத் தேடிக் கண்டுபிடித்து, கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஒருவர் கருவிழியின் அமைப்பை ஒப்பிட்டு அவள்தான் என்று உறுதிசெய்த வரையில், அவள் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. பதினேழு ஆண்டுகளாக ஒரு பெண்ணின் முகம், அந்நிய ஆடவர் கண்ணில் படலாகாதென்று அவள் வீட்டார் எண்ணிய முகம், அவளுக்குத் தெரியாமலேயே உலகெங்கும் சுவர்களில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் படத்தால் அகதிகளின் துயரம் உலகத்தின் கவனத்துக்கு வந்ததென்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவள் பெயரைக் கேட்க அன்று ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதை நினைக்கும்போது எனக்கு உண்டாகும் மனவேதனையை எந்தப் பயனும் முற்றிலும் ஆற்றிவிடவில்லை.

போபால் குழந்தையைப் பற்றியும் கேட்பீர்கள். 1984 டிசம்பரில் நச்சுக் காற்றால் இறந்து, மண்ணுக்குள் பாதி மூடிய நிலையில், கண் திறந்தபடி கிடந்த அந்தச் சிசுவை ரகு ராயும் பாப்லோ பார்த்தலோமியூவும் எடுத்தார்கள். அக்குழந்தை வளர்ந்து வந்து கேட்க வழியில்லை. அது யாருடைய பிள்ளை என்பதும் உலகறியாத செய்தியாகவே நின்றுவிட்டது. அந்தப் படம் வந்திராவிட்டால் அக்கொடுமை இவ்வளவு பேர் மனத்தில் பதிந்திராது என்பதனால் அதை எடுத்தது தகும் என்றே நான் கொள்ளுகிறேன். ஆனால் ஆண்டுதோறும் அதே முகத்தைச் சம்பந்தமில்லாத கூட்டங்களின் சுவரொட்டிகளில் ஒட்டுவதை அப்படிக் கொள்ள என்னால் இயலவில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலுக்குப் போகும் வழியில் சங்கு மாலையும் பாசிமணியும் விற்கும் குடும்பங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே ஒரு நாள், எட்டு வயதிருக்கக்கூடிய ஒரு சிறுமியை நோக்கி ஒருவர் பெரிய காமிராவை உயர்த்தினார். நல்ல உடையணிந்த, நம் நாட்டவரான, படித்தவர். அந்தப் பெண் குழந்தை முதலில் தலைமயிரை ஒதுக்கிக்கொண்டது. பிறகு, தோள்பட்டையில் கிழிந்திருந்த கவுனை இடக்கையால் பொத்திக்கொண்டது. அருகிலிருந்த தாய், "சும்மா நில்லும்மா, சார் படம் எடுக்கிறாரு" என்றாள். அவர் பத்து ரூபாய் நோட்டை முன்கூட்டியே நீட்டியிருந்தார். காமிராவைத் தாழ்த்தாமல் காத்து நின்றார். பொறுமையாகத்தான் நின்றார். மாலைத் தட்டைத் தூக்கிக்கொள்ளக் குழந்தை அந்தக் கையை எடுத்த கணத்தில் அவருடைய விரல் அழுந்தியது. தாய் சம்மதித்தாள், சட்டம் குறுக்கே நிற்கவில்லை, காசும் கைமாறிற்று. ஆனால் படத்திற்கு உரியவள் தனக்குத் தெரிந்த ஒரே பாஷையில், அந்த இடக்கையால், மாட்டேன் என்று சொல்லியிருந்தாள். அவளுடைய விடையைக் கேட்டறிந்த பிறகே, அது தளரும்வரை அவர் காத்திருந்தார். அவர் எடுத்த படம் மிக அழகாகவே இருந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

"பொது இடத்தில் இருந்தாள், பொது இடத்தில் எவரும் எவரையும் பார்க்கலாம், பார்ப்பதைப் படமெடுக்கலாம்" என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். பொது இடம் என்று எதைச் சொல்லுகிறோம்? வசதி படைத்தவன் வீட்டுக் குழந்தை சுற்றுச்சுவருக்குள்ளே விளையாடுகிறது, உள்ளறையில் குளிக்கிறது, மாடியில் உறங்குகிறது. குடிசைப் பகுதிக் குழந்தைக்குத் தெருவே முற்றம், தெருக் குழாயே ஸ்நான அறை, நடைபாதையே படுக்கை. குழாயடியில் தாய் தன் பிள்ளையைக் குளிப்பாட்டும்போது அந்த இடம் அவளுடைய வீட்டின் உட்புறம். அங்கே காமிராவோடு நுழைகிறவர், முன்பின் தெரியாத வீட்டின் ஸ்நான அறைக் கதவைத் திறந்ததற்கு ஒப்பான காரியம் செய்கிறார். தெருக்களில் எடுத்த குழந்தைப் படங்களின் தொகுதி எதையேனும் புரட்டிப் பாருங்கள். அரை நிர்வாணமாகவும், மூக்கொழுகியும், கண்ணீர் வழிந்தும் இருப்பவை பெரும்பாலும் வறியவர் வீட்டுக் குழந்தைகளாகவே இருக்கும். சுவர் கட்ட வசதி இல்லாதவர்களுடைய பிள்ளைகளுக்கு அந்தரங்கமும் இல்லை என்று நாம் வாய்விட்டுச் சொல்லுவதில்லை. படமெடுக்கும்போது அப்படித்தான் நடந்துகொள்ளுகிறோம்.

குழந்தையைப் படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று தடுத்த பாட்டிமார் நம் வீடுகளில் இருந்தார்கள். கண்ணேறு படுமென்று கன்னத்தில் மைப்பொட்டு வைத்தார்கள். ஆயுசு குறையும் என்பதை நான் நம்பவில்லை. ஆனால் பச்சைப் பிள்ளையைப் பிறர் பார்வையிலிருந்து கொஞ்சம் மறைத்து வைக்க வேண்டும், எல்லாக் கண்ணும் அன்புக் கண் அன்று என்ற அந்த எச்சரிக்கையைப் பேதைமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

இவ்வளவும் கேட்டு, தெருவில் குழந்தைகளையே படமெடுக்கலாகாது என்று நான் விதிக்கப்போவதாக நினைக்க வேண்டாம். ஹெலன் லெவிட் அம்மையாரின் படங்களை நான் மிகவும் நேசிக்கிறேன். நியூயார்க்கின் ஏழைத் தெருக்களில், 1930களின் பிற்பகுதியிலிருந்து, குழந்தைகள் சுண்ணக்கட்டியால் நடைபாதையில் வரைவதையும், முகமூடி அணிந்து வாசற்படியில் நிற்பதையும் அவர் எடுத்தார். ஒரு பக்கமாகப் பார்த்து நிற்கும்போதே மறுபக்கத்தில் நடப்பது தெரியும்படியான ஒரு கண்ணாடி அமைப்பைத் தம் லைக்கா காமிராவில் பொருத்தியிருந்தார்; ஆகவே குழந்தைகளுக்குத் தாங்கள் படமெடுக்கப்படுவது தெரியாது. அந்த உபாயத்தை மட்டும் பார்த்தால் குற்றம் என்று சொல்லத் தோன்றும். படங்களைப் பார்த்தபின் அப்படிச் சொல்ல முடியவில்லை. எந்தக் குழந்தையும் அவற்றில் சிறுமைப்படுத்தப்படவில்லை. யாருடைய இரக்கத்துக்கும் கையேந்தவில்லை. தங்கள் ராஜ்யத்தில் தாங்கள் ராஜாக்களாக இருக்கிறார்கள். அந்தப் படங்கள் இல்லாவிட்டால் அந்தத் தெருக்களின் பால்ய காலமே சரித்திரத்திலிருந்து அழிந்துபோயிருக்கும். காமிராவோடு நிற்கும் ஒவ்வொருவரையும் துஷ்டன் என்று சந்தேகிக்கத் தொடங்கும் சமூகம், தன் குழந்தைகளின் விளையாட்டைப் பற்றிய சாட்சியத்தையே இழந்துவிடும். வளர்ந்த மனிதர் தம் படத்தைக் கண்டு, "ஆம், இது நான்தான்" என்று மகிழ்ந்து சொல்லக்கூடியதாக இருக்குமா என்று எடுப்பவர் தம்மையே கேட்டுக்கொண்டால், லெவிட் அம்மையார் எடுத்தவை பெரும்பாலும் அந்தச் சோதனையில் தேறும். மாமல்லபுரத்துப் படம் தேறாது.

நியாயஸ்தலங்கள் இவ்விஷயத்தில் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. கனடாவில், மாண்ட்ரியால் நகரத்துக் கட்டடம் ஒன்றின் வாசற்படியில் அமர்ந்திருந்த பதினேழு வயதுப் பெண்ணை 1988இல் கேளாமல் படமெடுத்து ஒரு கலைப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். விற்ற பிரதிகள் 722 மட்டுமே. தன் படத்தைப் பார்த்துப் பிறர் சிரித்தார்கள் என்பதே அவளுடைய முறையீடு. பத்தாண்டுகள் கழித்து 1998இல் சுப்ரீம் கோர்ட்டு அவளுக்கு இரண்டாயிரம் டாலர் நஷ்டஈடு வழங்கியதைச் சரியென்று நிலைநிறுத்திற்று. கலையின் சுதந்திரம் பெரிதுதான், ஆயினும் ஒரு சிறு பெண் நகைப்புக்கு ஆளானதும் நஷ்டமே என்று ஒரு நாட்டின் தலைமை நீதிபதிகள் எண்ணியதைப் படித்து நான் மகிழ்ந்தேன். 2009இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. கிரீஸ் நாட்டு மருத்துவமனையில் பிறந்த மறுநாளே ஒரு சிசுவைப் பெற்றோரைக் கேளாமல் படமெடுத்து, படச்சுருளைத் தரவும் மறுத்தார்கள். எங்கும் வெளியிடாவிட்டாலும், எடுத்து வைத்துக்கொண்டதே அக்குழந்தையின் உரிமைக்குப் பங்கம் என்று நீதிமன்றம் சொல்லிற்று. இதற்கு நேர்மாறாக, நியூயார்க்கில் எதிர்வீட்டுக் கண்ணாடிச் சாளரத்தின் வழியே குழந்தைகளைத் தொலைநோக்கு லென்ஸ் கொண்டு எடுத்துக் கண்காட்சியாக வைத்தவரை எதிர்த்துப் பெற்றோர் தொடுத்த வழக்கு, கலைச் சுதந்திரத்தின் பேரால் 2015இல் தள்ளுபடியாயிற்று.

நம் நாட்டில் பாலியல் குற்றத்திற்கு இலக்கான குழந்தையை அடையாளம் காட்டுவதைப் போக்சோ சட்டம் 2012இலேயே தடுத்துவிட்டது. சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு, சட்டத்தோடு முரண்பட்ட குழந்தை, பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தை, சாட்சியான குழந்தை இவர்களுடைய பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் வெளியிடலாகாதென்று விதித்து, மீறினால் ஆறு மாதச் சிறையோ இரண்டு லட்ச ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிக்க இடந்தருகிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் ஏகமனதாகச் சொன்னார்கள். ஆனால் குற்றத்தோடும் வழக்கோடும் சம்பந்தமில்லாத, சும்மா மணலில் விளையாடும் குழந்தையைப் பற்றிச் சட்டம் ஏறக்குறைய மௌனமாகவே இருக்கிறது. அந்த மௌனத்தை நிரப்ப வேண்டியது நம் மனச்சாட்சி.

மனச்சாட்சியின் வேலை இன்று முன்னெப்போதையும்விடக் கடினமாகிவிட்டது. ஹைன் எடுத்த படம் ஒரு கண்ணாடித் தகட்டில் இருந்தது. அதன் பிரதிகள் எங்கே போயின என்று ஒருவாறு கணக்கிட முடிந்தது. இப்போது படம் கையை விட்டுப் போன மறுகணம் அது எவ்வெவற்றுக்குப் பயன்படும் என்று எவராலும் சொல்ல இயலாது. செயற்கை அறிவு இயந்திரங்களைப் பயிற்றுவிக்கத் திரட்டிய லையான் என்னும் தொகுதியில் 585 கோடிப் படங்களுக்கு வழிகாட்டும் இணைப்புகள் இருந்தன. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பினர் அதில் மிக மிகச் சிறிய பகுதியை மட்டும் பரிசோதித்து, பிரேசில் நாட்டுக் குழந்தைகளின் 170 படங்கள் அதிலிருப்பதாக 2024இல் வெளியிட்டார்கள். சில குழந்தைகளின் பெயரும் படமெடுத்த இடமும்கூட அவற்றிலிருந்து தெரியும்படி இருந்தன. பிறந்தநாள் விழாவிலும் பள்ளி விழாவிலும் அன்போடு எடுத்த படங்கள் அவற்றில் உண்டு. எடுத்தவர் நல்லவர் என்பது மட்டும் இனிப் போதுமான காவல் ஆகாது.

வளர்ந்த பின்னாவது உரியவர் தம் படத்தை நீக்கிக்கொள்ள வழியுண்டா என்றால், அதிலும் குறை இருக்கிறது. கலிபோர்னியாவில் 2013இல் இயற்றி 2015இல் அமலுக்கு வந்த சட்டம், சிறுவர்கள் தாங்களே வெளியிட்டவற்றை நீக்கச் சொல்ல உரிமை தருகிறது. பிறர் வெளியிட்டவற்றை நீக்கச் சொல்ல அதில் இடமில்லை. பிரான்ஸ் 2024 பிப்ரவரியில், பிள்ளையின் உருவத்தைக் காக்கும் கடமை பெற்றோர் இருவருக்கும் உண்டென்று சட்டத்திலேயே எழுதியது. நல்ல காரியம். ஆனால் அயலார் எடுத்த படத்திற்கு, முப்பது வயதில் வந்து கேட்பவருக்கு விடை சொல்லும் பொறுப்பை, எடுத்தவரும் வெளியிட்டவருமே மனமுவந்து ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்தக் கல்லூரியில் ஆண்டுதோறும் மாணவர் புகைப்படக் கண்காட்சி நடப்பதையும், சென்ற ஆண்டு பரிசு பெற்றவற்றுள் குழந்தைகளின் படங்கள் மிகுதியாக இருந்ததையும் நான் அறிவேன். அடுத்த ஆண்டு விண்ணப்பத்தில், படத்திலுள்ள குழந்தையின் பெரியவர்களிடம் பேசினீரா, குழந்தை மறுத்ததற்கு அறிகுறி எதுவும் கண்டீரா, படத்தின் பிரதி ஒன்றை அந்த வீட்டுக்குக் கொடுத்தீரா என்ற மூன்று கேள்விகளைச் சேர்க்க வேண்டுமென்று நிர்வாகத்தாரை வேண்டிக்கொள்ளுகிறேன். உடை இல்லாத குழந்தை, குளிக்கும் குழந்தை, அழும் குழந்தை ஆகியோரின் படங்களைப் போட்டிக்கு ஏற்பதில்லை என்றும் எழுதிவிடலாம். பெயரும் ஊரும் சுவரில் எழுதாமல், அலுவலகத்தில் தனியே ஓர் ஏட்டில் மட்டும் குறித்து வைத்தால், பின்னாளில் உரியவர் வந்து, "அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள்" என்று கேட்கும்போது காரணம் விசாரியாமல் எடுத்துவிட அது உதவும். முதல்வர் அவர்கள் இசைவார்களானால், அந்த ஏட்டையும் விண்ணப்பப் படிவத்தையும் புகைப்படத் துறை மாணவர்களோடு அமர்ந்து இந்த மாதத்திற்குள்ளேயே எழுதி முடித்துத் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.